படத்தின் அடியில் ஒரு சதவீதம்

முகூர்த்த மாதங்கள் முடிந்து, கல்யாண வீட்டார் ஆல்பம் எப்போது வரும் என்று போனில் துளைத்தெடுக்கத் தொடங்குகிற காலம் வந்துவிட்டால், ஸ்டூடியோ நடத்தும் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி அநேகமாக ஒன்றாகவே இருக்கும்.

"அண்ணே, ஷீட்டைத் திறந்தாலே சிஸ்டம் ஹேங் ஆகுது. ஐ-செவன் போதுமா, இல்ல ஐ-நைனே போட்டுரலாமா?"

கேட்பவர் தொழிலில் சாமானியர் அல்லர். முகூர்த்தப் புடவையின் ஜரிகை வெளிச்சத்தில் வெளிறிப்போகாமலும், அதன் பக்கத்திலேயே மாப்பிள்ளையின் வெள்ளை வேஷ்டி தன் மடிப்புகளை இழந்துவிடாமலும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருகிற வித்தை அவருக்குக் கைவந்தது. ஆயினும் கணினி என்று வரும்போது, வேகம் முழுவதும் பிராசஸரின் பெயருக்குப் பின்னால் நிற்கும் எண்ணிலேதான் குடியிருக்கிறது என்ற விசுவாசம், கடைக்காரர்களின் பேச்சாலும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பளபளப்பான முத்திரையாலும் போஷிக்கப்பட்டு, அவர் மனத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. என் அபிப்பிராயம் வேறு. பெரிய படங்களைத் திருத்தும்போது கணினி தள்ளாடுவதற்குக் காரணம், பத்தில் ஒன்பது சந்தர்ப்பங்களில், கணக்கிட வேண்டிய சரக்கு கணக்கிடுகிற இடத்துக்கு நேரத்தில் வந்து சேராததுதான். கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பெரிய படங்களை வசப்படுத்தியவர்கள் அத்தனை பேரும், படம் முழுவதையும் தொடாமலே காரியத்தை முடிப்பது எப்படி என்று யோசித்துத்தான் வெற்றி கண்டிருக்கிறார்கள். இதைச் சற்று விஸ்தாரமாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாளைய உத்தேசம்.

கணக்கிலிருந்து தொடங்குவதே உசிதம். கேமராவிலிருந்து வருகிற ஒரு ஜேபெக் படம் மெமரி கார்டில் பத்து எம்பி இடத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுருக்கப்பட்ட நிலையின் அளவு. திருத்துவதற்காகத் திறக்கிற கணத்திலேயே அந்தச் சுருக்கம் அவிழ்ந்துவிடும். 6000-க்கு 4000 என்ற அளவில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். எண் ஒன்றுக்கு ஒரு பைட். ஆக 7 கோடியே 20 லட்சம் பைட்டுகள். போட்டோஷாப் ஆயிரத்துக்குப் பதில் 1024-ஆல் வகுத்து இதையே 68.7 எம் என்று காட்டும். 16 பிட்டுக்கு மாற்றினால் அது அப்படியே இரட்டிக்கும். இனி நம் ஊர் ஆல்பம் தொழிலில் எல்லோரும் அறிந்த 12-க்கு 36 அங்குல ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600-க்கு 10,800 பிக்சல். புதிதாக ஒரு வெற்று ஷீட்டைத் திறந்தவுடனேயே, அதில் ஒரு பூவிதழ்கூட விழுவதற்கு முன்பே, ஜன்னலின் அடிப்பகுதியில் 111.2 எம் என்று எழுதியிருக்கும். அந்த இடத்தில் சாய்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு எண்கள் இருப்பதைப் பலர் வருஷக்கணக்காகப் பார்த்தும் பொருட்படுத்துவதில்லை. இடப்பக்கத்து எண், எல்லா லேயர்களையும் ஒன்றாக அழுத்திவிட்டால் வரும் அளவு. வலப்பக்கத்தது லேயர்களோடு சேர்த்து வரும் அளவு. டெம்பிளேட் ஒன்றைத் திறந்து, நான்கு படங்களை இழுத்துப்போட்டு, நிழலும் ஒளியும் மாலையும் தோரணமும் சேர்த்தபின் அந்த வலப்பக்கத்து எண் எம் என்பதைக் கடந்து ஜி என்று மாறுகிற சமயத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான ஹேங் அங்கேதான் பிறக்கிறது.

லேயர்களைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உலவுவதால் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பத்து லேயர் இருந்தால் பத்து மடங்கு சுமை என்று கூற முடியாது. லேயரில் பிக்சல்கள் இருக்கும் பகுதியே இடம் பிடிக்கும், வெற்றிடம் ஏறத்தாழ இலவசம். மாறாக, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகச் செருகிய ஒரு சின்னப் படம், ஷீட்டின் மூலையில் உள்ளங்கை அகலமே தெரிந்தாலும், தன் மூலப்படம் முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். அதைப் பெரிதாக்கும்போதும் திருப்பும்போதும் மூலத்திலிருந்து மறுபடி கணக்குப் போட்டாக வேண்டும். ஹிஸ்டரி என்ற வசதியும் இவ்விதமே. பிரஷ்ஷால் கன்னத்தில் ஒரு கீற்றுப் போட்டால் அந்தக் கீற்று தொட்ட இடத்தின் பழைய நிலை மட்டும் சேமிக்கப்படும். ஷீட் முழுவதுக்கும் ஒரு பில்டர் கொடுத்தால் ஷீட் முழுவதன் பழைய நிலையும் சேமிக்கப்படும். இப்போதைய பதிப்புகளில் வழக்கமாக 50 படிகள் பின்னால் போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒற்றை லேயர் கொண்ட ஆல்பம் ஷீட்டில் அந்த ஐம்பதும் முழு ஷீட் பில்டர்களாக அமைந்துவிட்டால், திரும்பிப் பார்க்கும் சௌகரியத்துக்கு மாத்திரம் ஐந்தரை ஜிபிக்கு நெருங்கிய இடம் செலவாகும்.

இவ்வளவும் எங்கே தங்குகிறது என்பதே பிரதானமான கேள்வி. தங்க வேண்டிய இடம் ரேம். அது நிறைந்துவிட்டால் போட்டோஷாப், விண்டோஸை நம்பிக் காத்திராமல், டிஸ்க்கில் தானே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, உடனடியாகத் தேவைப்படாதவற்றை அங்கே இறக்கி வைக்கிறது. இதற்கு ஸ்கிராட்ச் டிஸ்க் என்று பெயர். ரேமிலிருந்து ஒரு தகவலைக் கேட்டுப் பெறுவதற்கு ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகும். நல்ல எஸ்எஸ்டியிலிருந்து பெறுவதற்கு 100 மைக்ரோ விநாடி அளவில் ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் 10 மில்லி விநாடியை நெருங்கும். நிமிஷத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்கவே 8.3 மில்லி விநாடி எடுப்பதால், தேடுகிற பகுதி ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருந்தே தீர வேண்டும். எந்தப் பிராசஸராலும் அந்தத் தட்டை விரட்ட இயலாது. இந்த எண்கள் கண்ணுக்குப் புலப்படாத சிறுமையுடையவையாதலால் அவற்றின் வித்தியாசம் மனத்தில் தைப்பதில்லை. ஆகையால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கிப் பாருங்கள். ஆணி அடிக்கிற தச்சர் கையை நீட்டியவுடன் ஒரு விநாடியில் ஆணி கிடைப்பது ரேம் என்றால், எஸ்எஸ்டி என்பது அவர் அடுத்த தெருக் கடைக்குப் பையனை அனுப்பிவிட்டுப் பதினேழு நிமிஷம் உட்கார்ந்திருப்பது. ஹார்டு டிஸ்க் என்பது மறுநாள் மத்தியானத்துக்குமேல் வருகிற பஸ்ஸை எதிர்பார்த்து ஒரு பகலும் ஓர் இரவும் அதற்கு மேலும் சும்மா இருப்பது. அந்தத் தச்சருக்கு இன்னும் நான்கு கைகளைக் கொடுப்பதுதான் ஐ-நைன் வாங்குவது.

நியாயமாகச் சொன்னால், மொத்தமாக வாரிக் கொண்டுவருகையில் வித்தியாசம் இவ்வளவு பயங்கரமானதல்ல. ஹார்டு டிஸ்க் வரிசையாகப் படிக்கும்போது விநாடிக்கு 150 முதல் 200 எம்பி வரை தரும். சாட்டா எஸ்எஸ்டி 550. மதர்போர்டில் நேரே செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டிகள் 3,500 முதல் 7,000 வரை போகின்றன. இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்ட டிடிஆர்-4 3200 ரேமின் உச்ச அளவோ விநாடிக்கு 51.2 ஜிபி. அதே ரேமை ஒற்றைக் கார்டாகப் போட்டால் இதில் பாதிதான் என்பதை லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

எல்லாம் சரி, நம் கணினியில் நடப்பது எது என்று கண்டுகொள்வது எப்படி? போட்டோஷாப் ஜன்னலின் அடியில், நான் மேலே சொன்ன அந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் வருகிற பட்டியலில் எஃபிஷியன்ஸி என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவ்விடத்தில் ஒரு சதவீதம் நிற்கும். நூறு என்று நின்றால் வேலை முழுவதும் ரேமுக்குள்ளேயே நடக்கிறது. நூறுக்குக் கீழே இறங்கினால் டிஸ்க்குக்குப் போய்வருகிற நேரம் கலந்துவிட்டது. என் நண்பர் ஒருவருடைய கணினி, கண்ணாடிப் பக்கமும் உள்ளே வர்ண விளக்குகளுமாக, கோயில் திருவிழாவுக்கு ஜோடித்த கோலத்தில் அவர் மேஜையடியில் வீற்றிருந்தது. பிராசஸர் உயர்ந்த ரகம். ரேம் 8 ஜிபி. விண்டோஸும் போட்டோஷாப்பும் படங்களும் ஸ்கிராட்ச் டிஸ்க்கும் எல்லாமே ஒரே ஹார்டு டிஸ்க்கில். அவர் வழக்கம்போல ஒரு ரிசப்ஷன் ஷீட்டில் வேலைசெய்யும்போது அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். நாலாவது படம் விழும்வரை நூறிலேயே நின்றது. பின்னணிக்கு ஒரு பிளர் கொடுத்ததும் எண்பதுக்கு இறங்கி, மறுபடி எழாமல், மேலும் சரிந்தது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க்கின் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்க, அவர் பெருமைப்பட்டுக்கொண்ட பிராசஸரின் கோடோ தரையில் படுத்திருந்தது. ரேமை 32 ஆக்கி ஓர் எஸ்எஸ்டியும் போட்டார், பிராசஸர் பழையதே. அவருடைய ஷீட்டுகளில் அந்த எண் இப்போது நூறைவிட்டு இறங்குவது அபூர்வம். இதற்கு ஆன செலவு ஐ-நைனுக்குக் கேட்ட விலையில் ஒரு சிறு பகுதி.

இவ்விடத்தில் இன்னொரு சபலத்தைக் குறித்தும் எச்சரிக்க வேண்டும். பிரெபரன்ஸஸில் போட்டோஷாப் எவ்வளவு ரேமை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது; வழக்கமாக 70 சதவீதம். அதை நூறுக்குத் தள்ளிவிட்டால் வேகம் கூடும் என்று எண்ணித் தள்ளுபவர் உண்டு. அப்போது விண்டோஸுக்கு மூச்சுவிட இடம் இல்லாமற்போய், அது தன் பங்குக்கு ரேமிலிருப்பதை டிஸ்க்குக்குக் கடத்தத் தொடங்கும். போட்டோஷாப் ஒரு பக்கமும் விண்டோஸ் ஒரு பக்கமுமாக ஒரே டிஸ்க்கை இழுத்தால் என்ன கதி ஆகுமோ அது ஆகும்.

இந்த ஸ்கிராட்ச் டிஸ்க் ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோலும், சினிமாத் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் வேலைபார்த்த அவருடைய சகோதரர் ஜானும் சேர்ந்து உருவாக்கிய போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் மக்கின்டாஷுக்கு வெளிவந்தபோது, அது கேட்ட ரேம் 2 எம்பி. அதே காலத்தில் பத்திரிகையொன்றின் முழுப்பக்கப் படத்தை, எட்டரைக்குப் பதினொன்று அங்குலத்தில் 300 புள்ளி வீதம், அச்சுக்குரிய நான்கு வர்ணங்களில் ஸ்கேன் செய்தால் 33 எம்பிக்கு மேல் வரும். பாத்திரத்தைவிடப் பண்டம் பதினாறு மடங்கு பெரிது! மக்கின்டாஷின் இயங்குதளத்திலோ, ரேம் போதாதபோது டிஸ்க்கைத் துணைக்கு அழைக்கும் வசதி 1991-இல் வந்த சிஸ்டம் 7 வரையில் கிடையாது. ஆகவே நோல் சகோதரர்கள் அந்த வசதியைத் தங்கள் நிரலுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள்: படத்தைச் சிறு சதுரத் துண்டுகளாக்கி, கைவைக்கிற துண்டுகளை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை டிஸ்க்கில் கிடத்துவது. கலிபோர்னியாவிலுள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் 2013-இல் அந்த முதற்பதிப்பின் மூல நிரலை, அடோபியின் அனுமதியுடன், எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. 179 கோப்புகளில் ஏறத்தாழ 1,28,000 வரிகள், முக்கால் பங்கு பாஸ்கல் மொழியில். இத்தனை பெரிய சாம்ராஜ்யத்தின் அஸ்திவாரம் இவ்வளவு சுருக்கமாக இருந்தது எனக்கு ஆச்சரியத்தையே கொடுத்தது.

பிறகு வந்த காலத்தில் ரேம் மலிவாகி, வேறொரு சுவர் குறுக்கே நின்றது. 32 பிட் நிரல் ஒன்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்துக்கு முகவரியே எழுத முடியாது. எத்தனை ரேம் வாங்கிப்போட்டாலும் அந்த எல்லைக்கு அப்பாலுள்ளது போட்டோஷாப்பின் நேரடிக் கைக்கு எட்டாதாயிற்று. 2008-இல் சிஎஸ்-4 விண்டோஸில் 64 பிட்டுக்கு மாறியது. மக்கின்டாஷ்காரர்கள், தங்கள் கணினிகளே வரைகலைக்குச் சிறந்தவை என்று அதுவரை மார்தட்டியவர்கள், 2010-இல் சிஎஸ்-5 வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பழைய ஃபோரம்களில் அவர்கள் பட்ட ஆற்றாமையை இன்றும் படித்து ரசிக்கலாம்.

கோப்பு வகைகளுக்கும் இப்படிப்பட்ட எல்லைகள் உண்டு. பிஎஸ்டி என்றால் பக்கத்துக்கு 30,000 பிக்சல், மொத்தம் 2 ஜிபி. பிஎஸ்பி என்றால் 3,00,000 பிக்சல். டிஃப் கோப்புக்கு 4 ஜிபி. ஜேபெக்குக்குப் பக்கத்துக்கு 65,535 பிக்சல். ஆல்பக்காரருக்கு இவை ஒருநாளும் தட்டுப்படா. ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைப்பாளருக்கோ, ஒரே ஓர் எண்ணைத் தவறாகப் போட்டாலும் தட்டுப்படும். இருபதுக்குப் பத்தடி பேனரை அத்தொழிலில் வழங்குகிற 72 புள்ளியில் அமைத்தால் 17,280-க்கு 8,640 பிக்சல், நான்கு வர்ணத்தில் 600 எம்பிக்குள் அடங்கிவிடும். தரத்தில் யாரும் குறை சொல்லக்கூடாது என்று 300 புள்ளியில் அமைத்தாலோ 72,000-க்கு 36,000. பத்து ஜிபிக்கு மேல். பிஎஸ்டியிலும் போகாது, டிஃபிலும் போகாது, ஜேபெக்கிலும் போகாது. நாற்சந்தியில் முப்பதடி தள்ளி நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கட்சிக்காரர் அச்சகத்தில் நின்றுகொண்டு அவசரப்படுத்துகிற இரவில் இந்தப் பதினேழு மடங்கு வித்தியாசம் விடிவதற்குள் முடிப்பதா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடும். தேவைக்கு மீறிய பிக்சலை ஆரம்பத்திலேயே மறுப்பதைவிட மலிவான வேக வைத்தியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மறுக்க முடியாத பெரிய படங்களும் உலகத்தில் இருக்கின்றன. 1989-இல் ஐரோப்பிய சமூகத்தின் நிதியுதவியுடன் வாசாரி என்ற ஒரு திட்டம் தொடங்கியது. லண்டன் நேஷனல் கேலரியைப் போன்ற அருங்காட்சியகங்களிலுள்ள ஓவியங்களை, அவற்றின் வர்ணம் காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்று பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும்படி, மிகுந்த நுட்பத்துடன் டிஜிட்டலாகப் பதிவுசெய்வது அதன் நோக்கம். அந்தப் படங்கள் அக்காலக் கணினிகளின் ரேமில் நுழையக் கனவிலும் இடமில்லை. அதற்கென்று கிர்க் மார்ட்டினெஸ், ஜான் கியூபிட் முதலியோர் வளர்த்த விப்ஸ் என்ற நிரல் நோல் சகோதரர்களின் வழியைவிட ஒரு படி துணிந்த வழியைக் கைக்கொண்டது. அதில் கட்டளை கொடுத்தவுடன் எதுவுமே நடப்பதில்லை. சுருக்கு, வர்ணம் திருத்து, கூர்மையாக்கு, சேமி என்று நான்கு காரியங்களைச் சொன்னால், அவை ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டு நிற்கும். கடைசியிலுள்ள சேமிக்கும் பகுதி, எனக்கு முதல் துண்டு வேண்டும் என்று தனக்கு முன்னிருப்பதைக் கேட்கும். அது அந்தத் துண்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் தனக்கு முன்னிருப்பதைக் கேட்கும். கேள்வி இவ்வாறு பின்னோக்கிப் போய் மூலக் கோப்பைத் தொட்டு, விடை முன்னோக்கி வந்து சேர்ந்ததும், அந்தத் துண்டு எழுதப்பட்டு மறக்கப்படும். படம் முழுவதும் ஒருபோதும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருப்பதில்லை. எல்லாக் காரியத்துக்கும் இது ஒத்துவராது. படத்தைத் தொண்ணூறு பாகை திருப்பச் சொன்னால், மேல்வரிசை ஒன்றை எழுதுவதற்கே எல்லா வரிசைகளிலும் கைவைக்க வேண்டியிருக்கும். ஆயினும் அந்த நிரல் இன்றும் லிப்விப்ஸ் என்ற பெயரில் உயிரோடிருக்கிறது. இணையதளங்களுக்காகப் படங்களைச் சுருக்கிக் கொடுக்கும் ஷார்ப் என்ற பிரபலமான கருவிக்குள் உழைப்பது அதுவே.

பெரிய படம் என்றால் எவ்வளவு பெரியது என்பதற்கு இப்போது நம்மிடம் ஓர் உத்தமமான திருஷ்டாந்தம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம், ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய 'இராக்காவல்' ஓவியத்தை, 2019 ஜூலையில் தொடங்கி, பார்வையாளர்கள் கண்ணெதிரிலேயே ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்து ஆராய்ந்து வருகிறது. 2020-இல் அவர்கள் வெளியிட்ட படத்தில் 4,480 கோடி பிக்சல்கள் இருந்தன. அது போதாதென்று 2022 ஜனவரியில் 71,700 கோடி பிக்சல்கள் கொண்ட மற்றொன்றை வெளியிட்டார்கள். பத்துக் கோடிப் பிக்சல் ஹாசல்பிளாட் கேமராவால் எடுத்த 8,439 தனிப்படங்களைத் தைத்து உண்டாக்கியது. ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் இடையே ஓவியத்தில் 5 மைக்ரோமீட்டர். கோப்பின் அளவு 5.6 டெராபைட். கேமரா இம்மி பிசகினாலும் கூர்மை கெட்டுவிடுகிற அந்த வேலையில், ஒவ்வொரு படமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று சோதிப்பதற்கும், ஒன்றோடொன்றை ஒட்டுவதற்கும், ராபர்ட் எர்ட்மன் என்ற விஞ்ஞானியின் தலைமையில் நியூரல் நெட்வொர்க்குகளைப் பயன்படுத்தினார்கள்.

இதில் என்னைக் கவர்ந்தது வேறொரு விஷயம். அந்த 5.6 டெராபைட் ஓவியத்தை, சாதாரணச் செல்போனில், சாதாரண இணைய இணைப்பில், யாரும் திறந்து, காவல்படைத் தலைவரின் கண்மணியில் ரெம்பிராண்ட் வைத்த வெள்ளைப் பொட்டின் விரிசல்வரை போய்ப் பார்க்கலாம். என் நண்பரின் வர்ணவிளக்குக் கணினியோ 111 எம்பி ஷீட்டுக்குத் திணறியது. இரகசியம் இதுதான்: படத்தை முன்கூட்டியே பாதிப்பாதியாகச் சுருக்கி அடுக்கிவிடுகிறார்கள். நான்கரை மீட்டர் அகலத்துக்கு ஒன்பது லட்சம் பிக்சல் அகலமுள்ள படமும் பன்னிரண்டே முறை பாதியாக்கினால் 256 பிக்சலுக்குள் வந்துவிடும். இப்படி அடுக்கியதால் கூடும் இடமோ மூலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்போகாது. அதன்பின் ஒவ்வோர் அடுக்கையும் சதுரத் துண்டுகளாக வெட்டி வைத்துவிட்டால், பார்ப்பவர் முழு ஓவியத்தைப் பார்த்தாலும் ஒரு கண் இமையைப் பார்த்தாலும், அவர் திரைக்கு வேண்டியது அந்தந்த அடுக்கிலிருந்து ஐம்பதுக்குச் சற்று முன்பின்னான துண்டுகளே. படம் எவ்வளவு பெரிதாயினும் திரை பெரிதாவதில்லையல்லவா? போட்டோஷாப்பின் பிரெபரன்ஸஸில் கேஷ் லெவல்ஸ் என்று இருப்பதும் இந்த அடுக்கே. ஷீட்டை 25 சதவீதத்தில் வைத்து வர்ணம் திருத்துகையில் உடனுக்குடன் கண்ணுக்குத் தெரிவது அதன் உபயம். பெரிய ஷீட்டுகளில் வேலை செய்பவர் அந்த எண்ணைக் குறைக்காமல் விட்டுவைப்பது நல்லது.

லைட்ரூம் இதே தத்துவத்தை வேறொரு வடிவில் அனுசரிக்கிறது. நாம் செய்யும் திருத்தங்களைப் படத்தில் எழுதாமல் குறிப்புகளாக மட்டும் வைத்துக்கொள்கிறது. ரா ஃபைலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஒரு வர்ணத்தின் அளவுதான் உண்டு. கோடக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பின்படி மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களிலிருந்து ஊகித்துப் பெற வேண்டும். அந்த ஊகத்தில் தொடங்கி, குறிப்புகள் ஒவ்வொன்றையும் வரிசையாக நிறைவேற்றினால்தான் திரையில் படம் தோன்றும். எனவே மாஸ்க்குகளும் ரீடச்சுகளும் ஏற ஏற லைட்ரூம் தளர்வது பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைச் சார்ந்தது. இங்கே என் நண்பரின் ஐ-நைன் ஆசைக்கு ஓரளவு நியாயம் உண்டு. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஸ்மார்ட் பிரிவியூ என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்: நீளப்பக்கம் 2,560 பிக்சலுள்ள சிறு பிரதி. ஒரு கல்யாணத்தில் எடுத்த மூவாயிரம் படங்களையும் அதில் வைத்துத் திருத்திக்கொண்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் மூலத்தைத் தொடலாம். ஏனோ இதை உபயோகிப்பவர் மிகச் சிலரே.

பிராசஸரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கோர் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம் என்பதற்குக் காரணத்தை ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டியதாக இருந்தால், எட்டு கோர்களால் வேகம் மூன்றேகால் மடங்குக்குச் சற்று மேலாகும். கோர்களைப் பதினாறாக்கினால் நான்கு மடங்கு. கோடிக்கணக்கில் கூட்டினாலும் ஐந்தைத் தாண்டாது. பில்டர்கள் பல கோர்களுக்குப் பங்கு பிரியும். பிரஷ் பிரியாது, ஏனெனில் இரண்டாவது கீற்று முதற்கீற்றின் மேல் விழவேண்டும். இதைவிடச் சாமர்த்தியம் கணக்கிலேயே இருக்கிறது. ஐம்பது பிக்சல் வீச்சில் பிளர் கொடுக்க, ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ள 101-க்கு 101 சதுரத்தைக் கூட்டினால் 10,201 பெருக்கல்கள். முதலில் கிடைவாக்கிலும் பிறகு நெடுவாக்கிலும் இரண்டு தடவை கூட்டினால் 202 போதும், விடையும் அதேதான். காஸியன் பிளர் இத்தனை சுறுசுறுப்பாக இருப்பது இந்த யுக்தியால்.

கிராபிக்ஸ் கார்டு, படத்தை நகர்த்துவதற்கும் பெரிதாக்குவதற்கும் சிஎஸ்-4 காலத்திலிருந்தே துணைநிற்கிறது. ஆனால் அது இன்றியமையாததாகிவிட்டது 2023 ஏப்ரலில் லைட்ரூமுக்கு வந்த ஏஐ டீநாய்ஸ் போன்றவற்றால்தான். மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுக்கிறவர்கள் அதற்குச் செலவழிப்பது தகும். பகல் வெளிச்சத்தில் எடுத்து ஜேபெக்கில் ஆல்பம் அமைப்பவர்களுக்கு அவ்வளவு அவசியமில்லை.

கோப்பைச் சேமிக்கும்போது நெடுநேரம் நீலப் பட்டை நகர்ந்துகொண்டிருந்தால், டிஸ்க்கைச் சபிப்பதற்கு முன், போட்டோஷாப் பிரெபரன்ஸஸின் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதிக்குப் போய், பிஎஸ்டி, பிஎஸ்பி கோப்புகளைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் டிக் செய்து பாருங்கள். கோப்பு பெரிதாகும், நேரம் குறையும். எஸ்எஸ்டி உள்ளவர்களுக்கு லாபமான பண்டமாற்று. ஹார்டு டிஸ்க்கிலேயே சேமிப்பவர்களுக்குச் சில சமயம் நஷ்டம்.

ஆகவே கையில் உள்ள தொகைக்கு என் சிபாரிசு: முதலில் ரேம், ஆல்பத்துக்கு 32 ஜிபி, பனோரமா ஒட்டுபவர்களுக்கு 64, அடுத்து என்விஎம்இ எஸ்எஸ்டி, அதில் ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கென்று தாராளமாகக் காலியிடம், அதன்பிறகே மற்றவை. லேப்டாப் என்றால், ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, பிற்பாடு கூட்டமுடியுமா என்று விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்டதும் கடைப்பையன் உள்ளே போய்த் தன் முதலாளியைக் கூட்டிவருவான், வரட்டும், காத்திருக்கலாம்.

பணம் போதாமல் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஸ்கிராட்ச் டிஸ்க் வைக்கலாமா என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டிருந்தார். எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியாக இருந்து, உள்ளே பெரும்பாலும் நீலநிறம் தெரிகிற யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால் வைக்கலாம். அதன் வேகம் விநாடிக்கு 5 ஜிகாபிட். பழைய யூஎஸ்பி 2 போர்ட் என்றால் அதன் உச்சமே 480 மெகாபிட், அதாவது காகிதத்தில் 60 எம்பி, நடைமுறையில் அதைவிடவும் குறைவு. ஒற்றை லேயர் ஆல்பம் ஷீட்டை இறக்கி வைக்கவே இரண்டு விநாடிக்கு மேலாகும். லேயர்கள் சேர்ந்த ஷீட்டுக்கு எவ்வளவு என்பதை அவரே பெருக்கிக்கொள்ளட்டும். அந்தப் போர்ட்டில் கீபோர்டைச் செருகுங்கள்.